சகலை வாங்கிய சிப்பு

வாங்க வாங்க. உடுமலையிலிருந்து இவ்வளவு சீக்கிரமா வந்துட்டீங்களே. வண்டிய அந்த வேப்பமரத்தடியிலயே விட்டுட்டீங்களா, நல்லது. செருப்ப உள்ள கழட்டிக்கங்ணா, வெளிய போட்டா நாயி இழுத்துட்டுப் போயிரும். அந்த ஸ்டூலு மேல உக்காருங்க. இந்தச் சேரு எனக்கு உக்காந்து பழகிப்போச்சு, மத்தவங்களுக்கு முதுகு வலிக்கும். டீ வெச்சுக் குடுக்க எங்கூட்டுக்காரி இல்லீங்க. ஒரு விருந்துக்குப் போயிருக்கறா. நானும் போகோணும். போலாம், அதுக்கென்ன அவசரம்.

இதாங்க கம்ப்யூட்டர் சிஸ்டம். நாலு வருசம் ஆச்சு, ஒரு கீறல் இருக்குதா பாருங்க. நேத்து போன்ல என்ன கேட்டீங்க? "இவ்வளவு நல்லா ஓடுதுன்னா ஏனுங்க குடுக்கறீங்க"ன்னு கேட்டீங்கல்ல. உங்களுக்கு முன்னால ரெண்டு பேர் அதையேதான் கேட்டானுங்க. புதுசு வாங்கப் போறேன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டேன். நீங்க பொண்ணு படிப்புக்குன்னு வந்திருக்கறீங்க, வயசுலயும் பெரியவரு. உங்ககிட்ட மறைக்கக் கூடாது. சித்தெ உக்காருங்க, சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறனுங்ணா. எனக்குப் பொறாமைங்கறது கெடையாது. அடுத்தவன் கார் வாங்குனா நான்தான் மொதல்ல போயி மாலை போடுவேன். எங்க கம்பெனில கேட்டுப் பாருங்க, பூபதின்னா தங்கம்பாங்க. ஆனா ஒரே ஒரு ஆளு விசயத்துல மட்டும் எனக்கு ஒருமாதிரி இருக்கும். அவன் என்ற சகலை. பேரு நவநீதன்.

எனக்கு அன்னூர்ல பொண்ணெடுத்தது. ஒம்பது வருசமாச்சு. எங்கூட்டுக்காரி கோகிலவாணி மூத்தவ. அடுத்தது கிருத்திகா. கடைசியா ஒரே தம்பி, தரணி. நான் மாப்பிள்ளையாப் போறப்ப அந்தப் பையனுக்கு பதிமூணு வயசு. நான் பம்பு கம்பெனில ட்ராயிங் போடறவனுங்க. அந்த ஊட்ல கம்ப்யூட்டர்னா நான்தான். பட்டா எடுக்கோணுமா, கரண்டு பில்லுக் கட்டோணுமா, எதுன்னாலும் எனக்குத்தான் போன் வரும். மாமனாரு ஒறம்பரை சொந்தபந்தத்துக்கிட்டயெல்லாம் எங்க கம்ப்யூட்டர் மாப்பிள்ளைன்னுதான் சொல்லுவாரு. ஏழு வருசம் அப்படி இருந்தனுங்க. ராஜா மாதிரி.

தரணி சனிக்கெழமையானா பஸ் ஏறி இங்க வந்துருவான். அக்கா கையால பிரியாணி, அப்பறம் என்ற பக்கத்துல அந்த ஸ்டூலு. நீங்க உக்காந்திருக்கறதேதான். நான் விளையாடுவேன், அவன் பாப்பான். துப்பாக்கிச் சண்டை, கார் ரேஸு, எல்லாம். "பாரு மாப்ள, இந்த வளைவுல பிரேக்கத் தொடக்கூடாது"ன்னு சொல்லிச் சொல்லி விளையாடுவேன். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நவுரமாட்டான். அவனுக்கு விளையாட்டுன்னா என்னன்னு காமிச்சுக் குடுத்ததே நானுங்க. எனக்குக் கொழந்தை குட்டி இல்ல, அது உங்களுக்குத் தெரியாது. அவந்தான் எனக்கு எல்லாம்னு சொன்னா அதுல பொய்யில்லீங்க.

அவன் விளையாடறதுக்குக் கேக்கமாட்டானான்னு பாக்கறீங்களா? கேட்டிருக்கறான். ஒரு நாலஞ்சு தடவ. "மாமா, ஒருக்கா நான் பாக்கட்டுங்களா"ம்பான். நானும் குடுத்தேன். ஒரு நிமிசத்துல செத்துப்போவான். கை அவசரம். சரி குடு மாப்ள, நான் காமிக்கறேன்னு வாங்கிக்குவேன். அவன் பாக்கறதுக்குன்னே பொறந்தவனுங்ணா. அதுலதான் அவனுக்குச் சந்தோசம். சில பேரு அப்படி இருப்பாங்கல்ல.

அப்பறம் ரெண்டு வருசம் முந்தி கிருத்திகாளுக்குக் கல்யாணம் ஆச்சு. நவநீதன் வந்தான். பெரிய கம்பெனி வேலை, ஊட்லயே உக்காந்து பாக்கறான். காளப்பட்டில பிளாட்டு. ஆளு நல்லாத்தான் இருப்பான். நல்லாத்தான் பேசுவான். சகலைன்னா எங்க பக்கம் அண்ணன் தம்பி மொறைங்க, என்னை வாய் நெறைய "அண்ணா"ன்னுதான் கூப்பிடுவான். அதுதான் எரிச்சலு. திட்டறவனா இருந்தா நாமளும் பதிலுக்குத் திட்டிப்போட்டு நிம்மதியாத் தூங்கலாம்.

போன வருசப் பொங்கலுக்கு அன்னூர்ல எல்லாரும் கூடியிருந்தோம். என்னையத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "அண்ணா, ஒரு நல்ல கேமிங் கம்ப்யூட்டர் போடலாம்னு இருக்கறேன், எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லோணும்"ங்கறான். கையில பணம் ரெடியா வெச்சிருக்கறான். அன்னைக்கே வாங்குனாலும் என்னோடத விட ஒசத்தியாத்தான் வரும். சொன்னேன். "இப்ப வாங்காதீங்க நவநீதன். வெயிட் பண்ணுங்க. புதுசு வருது. இப்ப வாங்குனா ஏமாந்துருவீங்க."

பொய்யில்லீங்ணா. கம்ப்யூட்டர்ல எப்பவுமே புதுசு ஒண்ணு வந்துக்கிட்டுத்தான் இருக்கும். யாரு கேட்டாலும் அதைச் சொல்லலாம். ரெண்டு மாசம் கழிச்சு மறந்துருவான், அந்தப் பணம் சோபாவுக்கோ ஏசிக்கோ போயிரும்னு நெனச்சேன்.

அவன் மறக்கலீங்க. வெயிட் பண்ணுனான். மாசா மாசம் எனக்குப் போன் போட்டு, "அண்ணா, இன்னும் வெயிட் பண்ணோணுங்களா"ம்பான். ஆமாம்பேன். எட்டு மாசம் என்ற பேச்சக் கேட்டு உக்காந்திருந்தான். புரட்டாசில நெசமாலுமே ஒண்ணு வந்துருச்சு. கேமுக்குன்னே செஞ்ச சிப்பு. அதான் பிராசசரு, கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி. சிப்பு மட்டும் அம்பதாயிரத்துக்குப் பக்கம். அதை மாட்டற போர்டு தனி, மெமரி தனி. வந்த வாரமே தூக்கிட்டான். "அண்ணன் சொன்னபடி வெயிட் பண்ணுனதுக்கு எப்படிப்பட்டது கெடச்சிருக்குது பாருங்க"ன்னு மாமனாருகிட்ட என்னையப் புகழ்ந்து வேற பேசறான். பொங்கலப்பவே வாங்கித் தொலைடான்னு விட்டிருந்தா, இந்நேரம் அவன்கிட்டப் பழசு இருந்திருக்கும். சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னா இதுதானுங்ணா.

அந்த ஆயுத பூஜைக்கு அவன் ஊட்டுக்கு எல்லாரையும் கூப்பிட்டான். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சு, மாலை போட்டு, பொரி கடலை படைச்சு ஒரே அமர்க்களம். கண்ணாடி வெச்ச கேபினெட்டு, உள்ள கலர் கலரா லைட்டு. நான் கிட்டப் போயி ஒரு நிமிசம் பாத்தேன். ஒரே ஒரு நிமிசம். சாமி கும்பிட்டு முடிச்சதீம், நவநீதன் தரணியக் கூப்பிட்டு, "நீ உக்காரு"ன்னு அந்தச் சேர்ல உக்கார வெச்சுட்டான்.

அவன் விளையாடறான் பாருங்க. நான் எட்டு வருசமா விளையாடறேன், அப்படியொரு கை எனக்கில்லீங்க. வளைவுல பிரேக்கத் தொடறதேயில்ல. அத்தனையும் நான் சொல்லிக் குடுத்தது. என்ற ஊட்ல கத்துக்கிட்டதைக் கொண்டு போயி அங்க அவுத்து விடறான். எல்லாரும் கை தட்டறாங்க. நவநீதன் கையில சுண்டல் தட்டோட பின்னால நின்னு சிரிச்சுக்கிட்டிருக்கறான். நீங்க விளையாடலீங்களான்னு கேட்டேன். "எனக்கு இதெல்லாம் வராதுங்ணா, தரணி ஆசைப்பட்டான், அவனுக்குத்தான் வாங்குனேன்"ங்கறான். எப்படி ஒரு சீனு பாருங்க. விளையாடத் தெரியாதவன் அம்பதாயிரத்துக்குச் சிப்பு வாங்குவானாமா?

அதுக்கடுத்த சனிக்கெழமை தரணி வரலீங்க. எங்கூட்டுக்காரி பிரியாணி செஞ்சு வெச்சுட்டு மூணு மணி வரைக்கும் பாத்தா. அப்பறம் போன் பண்ணுனா காளப்பட்டில இருக்கறான். அதுக்கடுத்த வாரமும் அங்கதான். நான் ஒத்தையா உக்காந்து விளையாடுனேன். "பாரு மாப்ள"ன்னு வாய் தானா வருது, திரும்பிப் பாத்தா ஸ்டூலு மேல துணி மடிச்சு வெச்சிருக்கறா.

அப்பத்தான் முடிவு பண்ணுனேன், அதே சிப்ப நானும் வாங்கிப்போடறதுன்னு. அவன் சிப்புக்குத்தானுங்க அங்க போறான். வேறெதுக்கு? கோகிலவாணி மட்டும் வேறமாதிரிப் பேசுனா. "அவனுக்கு ஒருநாளாச்சும் அந்த மவுசக் கையில குடுத்திருக்கறீங்களா? சிப்பாம் சிப்பு"ன்னா. அவளுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும். நான் வீடியோவாப் போட்டுப் பாத்தேன். ரெண்டு மாசம் அதே வேலை. என்ற சிப்புல வினாடிக்கு எத்தன படம் ஓடுது, அவன் சிப்புல எத்தன ஓடுதுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காமிப்பாங்க. நூறுக்கும் நூத்தி எழுவதுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதுங்ணா. மனசுக்குத் தெரியும்.

அதுக்குள்ள இன்னொண்ணு நடந்துச்சு. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. உங்களை இனி நான் எங்க பாக்கப் போறேன், அதனால சொல்றேன்.

தீவாளிக்கு ஒரு வாரம் இருக்கறப்ப நவநீதன் கம்ப்யூட்டரு நின்னுபோச்சு. பட்டன அமுத்துனா ஒண்ணும் வரலியாமா. என்ற மாமியா ஒடனே கோகிலவாணிக்குப் போன் போட்டு, "உன்ற ஊட்டுக்காரரு அன்னைக்கு நின்னு பாத்தாரே ஒரு பார்வை, அப்பவே எனக்குத் திக்குன்னுச்சு"ன்னுச்சாமா. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதாமா. மூத்த மாப்பிள்ளையப் பாத்து சொல்ற பேச்சுங்களா இது? ஆனா ரிப்பேரு பாக்கறதுக்கு மட்டும் யாரக் கூப்பிட்டாங்க? என்னையத்தான். கண்ணு கொள்ளிக்கண்ணு, கை மட்டும் வேணும்.

போனேன். ஸ்க்ரூவக் கழட்டி உள்ள டார்ச் அடிச்சேன். அடிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. ஆயுத பூஜையன்னைக்கு மாமியா திருஷ்டிக்குன்னு எலுமிச்சம்பழத்த வெட்டி, குங்குமம் தடவி, ரெண்டு மூடியையும் கேபினெட்டு தலை மேலயே வெச்சிருக்குது. வாசப்படில வெக்கறமாதிரி. கேபினெட்டோட மேல்தகடு சல்லடைங்ணா, காத்துப் போறதுக்கு ஓட்டை ஓட்டையா இருக்கும். சாறு ஒழுகி நேரா போர்டு மேல எறங்கியிருக்குது. செவப்பாக் கறை, அது மேல எறும்பு வரிசை. என்ற கண்ணுக்குப் பயந்து வெச்ச பழமே கம்ப்யூட்டரத் தின்னுபோட்டுது.

சிரிக்கறீங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. வாயத் தொறந்து சொல்லியிருந்தா என்ற மேல இருந்த பழி அங்கயே போயிருக்கும். மாமியா மூஞ்சில ஈயாடியிருக்காது. ஆனா போர்டு போச்சுன்னு சொன்னா ரெண்டு நாள்ல மாத்திப்போடுவாங்க. சனிக்கெழமைக்குள்ள ரெடியாயிரும். சிப்புன்னு சொன்னா வாரண்டிக்கு அனுப்போணும், போயி வர ரெண்டு மாசம் ஆகும். தரணி பக்கத்துல நின்னு என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கறான். நான் கறையத் துணில தொடச்சுட்டுச் சொன்னேன், "சிப்பு போச்சுங்க நவநீதன்." பழியச் சொமந்துக்கிட்டேன். கொள்ளிக்கண்ணன்னு சொல்லிட்டுப் போகட்டும், ரெண்டு மாசம் பையன் என்ற ஊட்டுக்கு வருவானல்ல.

வந்தானுங்க. நாலு வாரம் வந்தான். நான் அந்த நாலு வாரமும் கம்பெனிலருந்து நேரமே வந்து, புது கேமெல்லாம் எறக்கி வெச்சு, அவனுக்காகவே விளையாடுனேன். அவன் பக்கத்துல உக்காந்து போனப் பாத்துக்கிட்டிருந்தான். பாரு மாப்ளன்னா நிமுந்து பாத்துட்டு மறுபடியும் போனு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அங்க அந்த வேகத்தப் பாத்த கண்ணுக்கு இது மாட்டு வண்டியாத் தெரியுது. அப்ப வாங்கித்தான் ஆகோணும்.

வாங்கியிருக்கலாம். அந்த ரெண்டு மாசத்துல வாங்கியிருக்கலாமுங்ணா. காந்திபுரத்துல நூறடி ரோட்டுக் கடைக்காரரு தெரிஞ்சவருதான். வாராவாரம் போவேன், அந்த டப்பாவக் கையில எடுத்துப் பாப்பேன், திருப்பி வெப்பேன். கார்த்திகைல, அடுத்த மாசம் வெல எறங்கும்னாரு. அடுத்த மாசம் மார்கழி. பீடை மாசத்துல எதுவும் வாங்கக்கூடாதுன்னு கோகிலவாணி ஒத்தக் கால்ல நின்னா. தை பொறந்தா வழி பொறக்கும்னு பாத்தா, தைல மெமரி வெல ஏறிப்போச்சு. அப்பறம் பாத்தா இதுக்கும் மேல ஒண்ணு சித்திரைல வருதுங்கறாங்க. நவநீதன்கிட்ட இருக்கறதையே வாங்குனா அவனுக்குச் சமம், அவ்வளவுதான். சித்திரை வரைக்கும் இருந்தா அவனுக்கு மேல. யோசிக்கோணுமில்லீங்களா? சமமா, மேலயான்னு யோசிச்சு யோசிச்சே எனக்குத் தூக்கம் போச்சு.

இந்தப் பக்கம் மார்கழில நவநீதன் எனக்குத் தெரியாம வேற கடைக்குத் தூக்கிட்டுப் போயிருக்கறான். அவங்க பாத்துட்டு, சிப்பு கல்லு மாதிரி இருக்குது, போர்டுதான் போச்சு, மேல ஏதோ புளிச்ச தண்ணி ஊத்தியிருக்குதுன்னு சொல்லி ஒரே நாள்ல மாத்திக் குடுத்துட்டாங்க. கிருத்திகா சொல்லி எங்கூட்டுக்காரிக்குத் தெரிஞ்சு, அவ சொல்லி எனக்குத் தெரியும். நான் காலண்டர எடுத்து நாளு எண்ணுனேன். பொங்கலுக்கு அன்னூர் போகோணுமே, எல்லாரு முன்னாலயும் கேப்பானேன்னு.

கேக்கலீங்ணா. பொங்கலன்னைக்கு மாமனாரே பேச்ச எடுத்தாரு, சிப்பு போச்சுன்னாங்களே, எப்படிச் சரியாச்சுன்னு. நான் கரும்பக் கடிச்சுக்கிட்டுக் கீழ பாத்துக்கிட்டிருக்கறேன். நவநீதன் சொல்றான், "அண்ணன் சொன்னதுதான் மாமா, வாரண்டில மாத்திக் குடுத்துட்டாங்க." என்ற பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. அப்படியே வேற பேச்சுக்குப் போயிட்டான்.

காப்பாத்திட்டானாமா. என்னைய. பெரிய மனுசன். அன்னைக்கு எனக்கு வந்த ஆத்திரம் அவன் சிப்பு வாங்குன அன்னைக்குக்கூட வரலீங்க. பணத்துல எனக்கு மேல இருந்தான், சரி. வேலைல மேல இருந்தான், சரி. குணத்துலயும் மேல போயி உக்காந்துக்கிட்டா நான் எங்கீங்க போறது? சிப்புக்குன்னா கடை இருக்குது.

சரி விடுங்க. இப்ப ஏன் விக்கறேன்னுதான கேட்டீங்க. தரணிக்கு பெங்களூருல வேலை கெடச்சிருக்குது. நாளைக்குக் காலைல கெளம்பறான். இன்னைக்கு மத்தியானம் நவநீதன் ஊட்ல விருந்து, எல்லாரும் அங்கதான் இருக்கறாங்க. கோகிலவாணி காலைலயே போயிட்டா. உடுமலைலருந்து ஆளு வருதுன்னு சொல்லி நான் நின்னுட்டேன். நீங்க சாயங்காலம் வர்றேன்னீங்க, நான்தான மத்தியானமே வரச் சொன்னேன். அங்க போயி அந்தச் சேர்ல அவன் உக்காந்து விளையாடறதை நான் நின்னுக்கிட்டுப் பாக்கோணுமாக்கும்.

அவன் போயிட்டா அப்பறம் சிப்பு எதுக்குன்னு நீங்க நெனைக்கறது தெரியுது. லீவுக்கு வருவானுங்க. தீவாளிக்கு வருவான். வர்றப்ப அங்க போறதா இங்க வர்றதான்னு யோசிப்பானல்ல. அப்ப என்கிட்ட மேல இருக்கோணும். இதை உங்ககிட்டக் குடுத்துட்டு நேரா நூறடி ரோட்டுக்குப் போறேன். போயி, இருக்கறதை வாங்கறதா, சித்திரை வரைக்கும் பொறுக்கறதா… நீங்களே சொல்லுங்ணா. உங்களுக்கு இதுல பட்சபாதம் இல்ல.

ஒரு நிமிசங்ணா. போனு. காலைலருந்து நாலாவது தடவ. தரணிதான். எடுக்காம இருந்தா விடமாட்டான்.

சொல்லு மாப்ள. சாப்பிட்டேன் சாப்பிட்டேன். இங்க ஒரு ஆளு வந்திருக்கறாங்க, அதான் வர முடியல… ஆமா, அக்கா சொன்னாளா… எதுக்கு? உனக்கா? … அது பழசாச்சே மாப்ள, அத வெச்சு நீ என்ன பண்ணுவே… யாரு சொன்னது? … யாரு? … இல்ல மாப்ள. இல்ல. வித்தாச்சு. நேத்தே குடுத்து அனுப்பிட்டேன். இப்ப வந்திருக்கறது வேற ஆளு, மானிட்டரு பாக்க வந்தவரு. … சரி. வாங்க. சரி.

நீங்க கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க. ஆமாங்ணா, பொய்தான் சொன்னேன். காரணத்தக் கேளுங்க. "மாமா, அந்த சிஸ்டத்த விக்காதீங்க, எனக்குக் குடுங்க, பெங்களூரு ரூமுக்கு எடுத்துட்டுப் போறேன், நாலு வருசமா அதப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன், எனக்கு அதுதான் வேணும்"ங்கறான். அப்படியே சொன்னானுங்க. இந்தான்னு சொல்றதுக்கு வாயத் தொறந்துட்டேன். அதுக்குள்ள சொல்றான், "எனக்குக் கேக்கக் கூச்சமா இருந்துச்சுங்க மாமா. சின்ன மாமாதான் கேளு கேளுன்னு சொன்னாரு, நீ கேட்டீன்னா உங்க மாமா அவ்வளவு சந்தோசப்படுவாருன்னாரு. அவரே கார்ல கூட்டிட்டு வர்றாரு"ன்னு.

என்ற சந்தோசத்த அவன் சொல்லிக் குடுத்து அனுப்பறானுங்ணா. என்ற மச்சினன் என்கிட்ட வந்து ஒண்ணு கேக்கறதுக்கு, அவன் கத்துக் குடுக்கோணுமா? வாய்ல வந்துருச்சு. வித்தாச்சுன்னு வந்துருச்சு. அதுக்கு அவன், சரிங்க மாமா, சொல்லிட்டுப் போறதுக்காச்சும் வர்றோம்னு சொல்லிட்டான். மில் தாண்டிட்டாங்களாமா. அஞ்சு நிமிசம்.

ஏதோ ஒண்ணு, எனக்கு வயித்தெரிச்சல்தானுங்க. ஆமா. அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க.

எந்திரிங்ணா, சீக்கிரம் கட்டுங்க. பேசுன வெலைல ரெண்டாயிரம் கொறச்சுக்கங்க, பணத்த அப்பறம் போன்ல அனுப்புனாப் போதும். பின்வாசல் வழியாத் தூக்கிட்டுப் போயி வண்டில வெச்சுரலாம். வயரெல்லாம் இந்தப் பையில இருக்குது. ஏனுங்ணா, செருப்பப் போடறீங்க? அத அப்பறம் போட்டுக்கலாம், மொதல்ல இதப் புடிங்க.

வேண்டாமுங்களா? ஏன்? பொண்ணுக்குன்னு சொன்னீங்களே… அந்தப் பையன் கேக்கறான்னா? அவன் கேட்டா உங்களுக்கென்னங்க வந்துச்சு. நாப்பது மைல் பெட்ரோல் போட்டு வந்துட்டு வெறுங்கையோடவா போவீங்க? மூவாயிரம் கொறச்சுக்கங்ணா. சரி, நாலு. அப்படிப் பாக்காதீங்க. மாமியா பாக்கறமாதிரியே இருக்குது.

கார் சத்தம் கேக்குதுங்களா? தெரு முக்குல திரும்பறான். வித்தாச்சுன்னு சொல்லிட்டேன், இது இங்க மேசை மேல குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்குது. அவன் உள்ள வந்ததீம் பாத்துருவான். பின்னால நவநீதனும் வருவான். பாத்துட்டு, நேத்து வித்தது திரும்பி வந்துருச்சு போலன்னு அவனே ஒண்ணு சொல்லி என்னைய மறுபடியும் காப்பாத்துவான். அது மட்டும் வேண்டாமுங்ணா.

போறதுன்னா போங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் செஞ்சுட்டுப் போங்க. கனமா இருக்குது, ஒத்தையாத் தூக்க முடியாது. இந்தக் கட்டிலுக்கடியில தள்ளறதுக்கு ஒரு கை புடிச்சுட்டுப் போங்ணா.